சைலன்சர் மாற்றினால் பெற்றோல் மிஞ்சுமா? புகைக்குழாயில் கைவைக்குமுன் படிப்படியான வழிகாட்டி

சில மாதங்களுக்கு முன் பக்கத்து ஒழுங்கைத் தம்பி ஒருவர் தன் விற்ஸ் காரைக் கொண்டுவந்து எங்கள் கேற்றடியில் நிறுத்தினார். அவர் வருகிறார் என்பது யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தியில் கார் திரும்பியபோதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பின் பம்பருக்குக் கீழே மாப்பேணி அளவில் பளபளவென்று ஒரு வாய்.

"அண்ணை, சைலன்சர் மாத்தினான். லீற்றருக்கு ரெண்டு கிலோமீற்றர் கூடும் எண்டு சொன்னவை. எனக்கெண்டால் ஒண்டு குறைஞ்ச மாதிரித்தான் கிடக்கு."

"ஆர் சொன்னது?"

"பூட்டிவிட்ட ஆக்கள்தான்."

இதே கேள்வியோடு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். 2022 இல் பெற்றோல் செட் வரிசையில் இரவு பகலாகக் கிடந்து, பிறகு கியூ.ஆர். கோட்டைக் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய நாட்களை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்பது கலியாண வீட்டிலும் கேட்கிற கேள்வியாகிவிட்டது. கேள்வி இருக்கிற இடத்தில் அதற்கு ஒரு பொருளை விற்கிறவரும் இருப்பார்.

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக இருக்கிற கம்பனிக் குழாயை மாற்றி நீங்கள் பெற்றோல் மிச்சம் பிடிக்கப் போவதில்லை. பழுதான குழாய் பெற்றோலைத் தின்னும். அதைத் திருத்தினால் தின்பது நிற்கும். சத்தத்துக்காகவோ வடிவுக்காகவோ மாற்ற விரும்புகிறவர் மாற்றலாம், அது அவரவர் விருப்பம். அப்படி மாற்றும்போதும் பெற்றோல் கூடுதலாகப் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. கீழே எழுதியிருப்பது அந்த முறைதான்.

முதலில் குழாயின் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

எஞ்சினிலிருந்து புகை முதலில், சிலிண்டர்களின் வாய்களை ஒன்றாகச் சேர்க்கிற மனிஃபோல்டுக்குள் வருகிறது. அதற்கு அடுத்து, பெரும்பாலான கார்களில் கைக்கெட்டும் தூரத்திலேயே, புகையில் மிஞ்சிய ஒக்சிஜனை அளக்கிற முதலாவது ஒக்சிஜன் சென்சர். பிறகு புகையின் நச்சுவாயுக்களைக் குறைக்கிற கற்றலிற்றிக் கன்வேட்டர், அதற்குப் பின்னால் இரண்டாவது சென்சர். அங்கிருந்து எஞ்சினின் ஆட்டத்தைத் தாங்கும் வலைபோன்ற ஃபிளெக்ஸ் பைப், நடுவில் றெசனேற்றர் என்ற சின்னப் பெட்டி, கடைசியில் சைலன்சர், வால் குழாய். சில கார்களில் ஃபிளெக்ஸ் பைப் கன்வேட்டருக்கு முன்னால் இருக்கும். இந்த வரிசை மனதில் நிற்கட்டும். ஒரு பழுது முதலாவது சென்சருக்கு முன்னாலா பின்னாலா என்பதில்தான் பெற்றோல் கணக்கில் பாதி இருக்கிறது.

"புகை லேசாகப் போனால் எஞ்சினுக்குப் பாரம் குறையும்" என்ற கதை

இது முழுப் பொய்யும் இல்லை. புகையை வெளியே தள்ள எஞ்சின் வேலை செய்யத்தான் வேண்டும். அந்த வேலை எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பேனாவும் தாளும் எடுங்கள்.

60 கிலோமீற்றர் வேகத்தில் லீற்றருக்கு 15 ஓடுகிற ஒரு 1500 சீசீ கார். மணித்தியாலத்துக்கு 4 லீற்றர், அதாவது ஏறக்குறைய 3 கிலோ பெற்றோல் எரிகிறது. ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. ஆகவே 44 கிலோ காற்று, 3 கிலோ பெற்றோல், மொத்தம் 47 கிலோ புகை ஒரு மணித்தியாலத்தில் அந்தக் குழாயால் போகிறது. அதே எஞ்சினை அக்சிலேற்றரை அடிமட்டம் மிதித்து முழு வலுவில் ஓட்டினால் 300 கிலோவுக்கு மேல் போகும். கம்பனிக்காரர் குழாயின் அகலத்தைத் தீர்மானித்தது அந்தப் பெரிய ஓட்டத்துக்கு. நாம் சாதாரணமாக ஓடும்போது அதில் ஏழில் ஒரு பங்குதான் போகிறது.

குழாயின் தடை ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். ஓட்டம் ஏழில் ஒன்று என்றால் தடை நாற்பத்தொன்பதில் ஒன்று. முழு வலுவில் 20 கிலோபாஸ்கல் பின்னழுத்தம், அதாவது புகையை எதிர்த்துத் தள்ளுகிற அழுத்தம், இருக்கிற குழாயில், 60 இல் போகும்போது 0.4 கிலோபாஸ்கல்தான் இருக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் அதை எதிர்த்துத் தள்ள எஞ்சின் செலவழிப்பது ஏறக்குறைய 10 வாற். குசினியில் எரிகிற ஒரு எல்.ஈ.டி. பல்பு. காரை உருட்ட அந்த நேரத்தில் 5000 வாற்றுக்கு மேல் தேவைப்படுகிறது. குழாயையே கழற்றி வேலிக்கு அங்கால் எறிந்தாலும் உங்களுக்கு வரப்போவது ஆயிரத்தில் இரண்டு பங்கு.

இன்னொன்றையும் யோசியுங்கள். மெதுவாக ஓடும்போது நாமே அக்சிலேற்றரைக் கொஞ்சமாக மிதித்து, எஞ்சினுக்குக் காற்று போகிற முன்வாசலை முக்கால்வாசி சாத்தி வைத்திருக்கிறோம். முன்வாசலைச் சாத்திவிட்டுப் பின்வாசலை அகலிக்கக் காசு கொடுப்பதை என்னவென்று சொல்வது?

"எஞ்சினுக்குப் பின்னழுத்தம் கட்டாயம் வேண்டும்" என்று எதிர்ப்பக்கம் கதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. எஞ்சினுக்கு வேண்டியது புகையின் வேகம். அளவான குழாயில் ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடும்போது தனக்குப் பின்னால் ஒரு இழுவையை விட்டுச் செல்லும்; மிச்சப் புகையை அது வெளியே இழுத்துவிடும். குழாயை அளவுக்கு மிஞ்சிப் பெருப்பித்தால் புகை ஆறி, வேகம் குறைந்து, அந்த இழுவை போய்விடும். கீழ்ச் சுற்றில் கார் கொஞ்சம் சோர்ந்தமாதிரி இருக்கும். ஓட்டுகிறவர் அதை உணர்ந்து இன்னும் கொஞ்சம் மிதிப்பார். அங்கேதான் பெற்றோல் போகிறது.

படி 1: இப்போது எவ்வளவு ஓடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். "முந்தி 15 ஓடினது" என்பார்கள். எந்தத் தெருவில், எத்தனை பேரோடு, ஏ.சி. போட்டா என்று கேட்டால் முழிப்பார்கள்.

தாங்கியை நிரப்புங்கள். பம்ப் தானாக முதல்தரம் வெட்டும் இடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் காரை ஆட்டி ஆட்டி ஊற்றவேண்டாம். றிப் மீற்றரைப் பூச்சியத்தில் விடுங்கள். ஓடி முடித்து அதே செட்டில், அதே பம்பில், கார் அதே பக்கம் பார்த்து நிற்க மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும்.

ஒரு தாங்கிக் கணக்கை நம்பக் கூடாது. நான் ஒருதரம் கிளிநொச்சிக்குப் போய் வந்தேன். போக வர 132 கிலோமீற்றர், பிடித்தது 7.8 லீற்றர். லீற்றருக்கு 16.9. பம்ப்காரர் அன்றைக்கு இன்னொரு அரை லீற்றர் கூட ஊற்றியிருந்தால் அதுவே 15.9 ஆகியிருக்கும். சைலன்சர் விற்கிறவர் சொல்லும் வித்தியாசத்தில் பாதி ஒரு பம்பின் வாய்க்குள்ளேயே அடங்கிவிடுகிறது பாருங்கள். ஆகவே குறைந்தது மூன்று தாங்கி, 400, 500 கிலோமீற்றருக்குக் குறையாத கணக்கு வேண்டும்.

காற்றையும் கவனியுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் ஆனையிறவு வெளியில் கார் பக்கவாட்டில் தள்ளுப்படுவது ஸ்ரேறிங்கிலேயே தெரியும். வைகாசியில் பழைய சைலன்சரோடு அளந்துவிட்டு, காற்று ஓய்ந்த ஐப்பசியில் புதியதோடு அளந்தால் புண்ணியம் சைலன்சருக்குப் போய்ச் சேரும். ரயருக்குக் காற்று, ஏ.சி., ஆட்கள், வேகம் எல்லாம் இரண்டு தரமும் ஒரே மாதிரி இருக்கட்டும். கண்டிக்குப் போகிற ஏ9 வீதியில் கார்களுக்கான வேக எல்லை 70. அதற்குள் 60 என்று ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போனால் கணக்கு நேராக வரும். பட்டணத்துக்குள் அளக்காதீர்கள். ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் எந்தக் காரும் தன் சுயரூபத்தைக் காட்டாது.

படி 2: ஓட்டை தேடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்லப் போகிறேன். என் சொந்தக் காசு போன இடம் இது.

என் அக்ஸியோ கார் ஒரு வருடம் 14 ஓடிக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல மெல்ல 11 க்கு இறங்கிவிட்டது. பிளக் மாற்றினேன். எயார் ஃபில்டர் மாற்றினேன். ஒரு கராஜில் இன்ஜெக்டர் கழுவக் காசு கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விடியப்புறம் ஸ்ராட் பண்ணினால் முதல் மூன்று நான்கு நிமிடம் மட்டும் "ரிக் ரிக் ரிக்" என்று ஒரு சத்தம் வரும். எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். அது வால்வுச் சத்தம் என்று மூன்று பேர் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். ஒருநாள் வவுனியாவுக்குப் போக நாலரைக்கு எழும்பி, பொனெற்றைத் திறந்து ரோச் அடித்துப் பார்த்தேன். மனிஃபோல்டும் எஞ்சினும் சேருகிற இடத்தில் கண்மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு. ஒரு நட் இருக்க வேண்டிய இடத்தில் நட்டே இல்லை. முன்னர் எப்போதோ அதைக் கழற்றியவர் திருப்பிப் பூட்ட மறந்திருக்கிறார்.

அந்த ஓட்டையால் ஏன் பெற்றோல் போகிறது? புகை குழாயில் ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்க வெடிக்கத் துடித்துத் துடித்து வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் குழாயினுள் அழுத்தம் சட்டென்று குறையும். அந்த நேரத்தில் ஓட்டையால் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். அடுத்தாற்போல் இருக்கிற சென்சர் அந்தக் காற்றில் இருக்கிற ஒக்சிஜனைக் காண்கிறது. "காற்றுக் கூடிவிட்டது, பெற்றோல் காணாது" என்று எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கணினியான ஈ.சி.யு.வுக்குச் சொல்கிறது. ஈ.சி.யு.வுக்கு ஓட்டையைப் பற்றித் தெரியாது. அது பெற்றோலைக் கூட்டிவிடுகிறது. சூடேறி இரும்பு விரிந்ததும் இடைவெளி ஒடுங்கும், சத்தம் நிற்கும். அதனால் கராஜுக்குக் கொண்டுபோகும்போது கார் நல்ல பிள்ளையாக நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இரவு முழுக்க ஆறின எஞ்சினை விடியப்புறம் ஸ்ராட் பண்ணி, பொனெற்றைத் திறந்து காது கொடுங்கள். பிறகு இன்னொருவரைக் கொண்டு வால் குழாயின் வாயை நனைத்த பழந்துணியால் சில விநாடிகள் மட்டும் அடைக்கச் சொல்லுங்கள். புகை வேறு வழி தேடும். மூட்டு எதிலாவது ஓட்டை இருந்தால் "ஸ்ஸ்" என்று சொல்லிவிடும். சந்தேகமான மூட்டில், அது இன்னும் சுடாமல் இருக்கும்போதே, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தால் குமிழ் வரும். கன்வேட்டர், ஃபிளெக்ஸ் பைப், ஒட்டு வேலை செய்த இடங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். காருக்கு அடியில் போவதென்றால் ஜக்கை நம்பிப் போகாதீர்கள், ஸ்ராண்ட் வையுங்கள். வீட்டுக் கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இந்தச் சோதனை செய்யவே கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

ஓட்டை சென்சர்களுக்கெல்லாம் பின்னால், சைலன்சர் பக்கம் இருந்தால் அது பெற்றோலைத் தொடாது. சத்தம் வரும், புகை காருக்குள் ஏறும் ஆபத்தும் இருக்கிறது, ஆகவே திருத்தத்தான் வேண்டும். பெற்றோல் மிச்சம் என்று சொல்லி அதற்கு யாராவது காசு வாங்கினால் மட்டும் சிரியுங்கள்.

எங்கள் ஊரில் குழாய் கறள் பிடிக்க இரண்டு காரணங்கள். ஒன்று உப்புக் காற்று. காரைநகர், வேலணை, வல்வெட்டித்துறைப் பக்கம் இருக்கிற கார்களையும், பண்ணைத் தெருவால் தினமும் போய்வருகிற கார்களையும் அடியில் பார்த்தால் தெரியும். மற்றது உள்ளிருந்து வருவது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. தூர ஓட்டத்தில் அது ஆவியாகப் போய்விடும். கொக்குவிலிலிருந்து பட்டணத்துக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற ஓட்டத்தில் சைலன்சர் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். தண்ணீர் உள்ளேயே கிடந்து தகரத்தைத் தின்னும். கிழமைக்கு ஒருக்காவாவது சாவகச்சேரி வரை ஒரு நீட்டு ஓட்டம் ஓடிவிடுங்கள். சைலன்சரின் அடியில் ஊசித்துளைபோல் ஒன்று இருந்தால் பழுது என்று ஒட்டிவிடாதீர்கள். தண்ணீர் வடியக் கம்பனியே விட்ட துளை அது.

படி 3: சென்சர் சொல்வதை வாசியுங்கள்

ஓ.பி.டி. ஸ்கானர் என்று தீப்பெட்டி அளவில் ஒன்று விற்கிறார்கள். ஸ்ரேறிங்குக்குக் கீழே இருக்கிற சொக்கற்றில் செருகி, புளூடூத்தால் போனோடு சேர்த்தால் எஞ்சினின் கணக்குகள் வரும். சில பழைய ஜப்பான் கார்கள் இந்தப் போன் அப்களுக்கு வாய் திறப்பதில்லை. அப்போது நல்ல ஸ்கானர் வைத்திருக்கிற கராஜ்தான் வழி.

பார்க்க வேண்டியது நெடுங்கால ஃபியூவல் றிம் என்ற ஒரு இலக்கம். ஈ.சி.யு. வழக்கமான அளவை விடப் பெற்றோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதை அது நூற்றுவீதத்தில் காட்டும். சக 5, சய 5 இற்குள் (+5, −5) நின்றால் நல்லது. சக 10 ஐத் தாண்டினால் ஏதோ ஒன்று சரியில்லை. சும்மா நிற்கும்போது கூடியும், சுற்றை ஏற்ற ஏற்றக் குறைந்தும் வந்தால் எங்கோ களவாகக் காற்று நுழைகிறது என்று அர்த்தம். எயார் இன்ரேக் பக்கமும் இருக்கலாம், மனிஃபோல்ட் பக்கமும் இருக்கலாம். என் அக்ஸியோவில் அது சக 17 காட்டியது. அந்த ஒரு நட்டும், மூட்டுக்கு இடையில் வைக்கிற புதிய கஸ்கெற்றும் போட்டு இரண்டு கிழமையில் சக 3 க்கு வந்தது. லீற்றர் கணக்கும் 13.5 க்கு ஏறியது.

றிம் சரியாக இருந்தும் கார் குடிக்கிறது என்றால் முதலாவது சென்சரின் வயதை யோசியுங்கள். அது கிழடானால் பதில் சொல்லச் சுணங்கும். லட்சத்து ஐம்பதினாயிரம் ஓடிய பாவித்த காரில் அது ஒருதரமும் மாற்றப்படாமலேயே இருக்கலாம்.

படி 4: கன்வேட்டர்

தேன்கூடு போன்ற ஒரு செங்கட்டி, அதன்மேல் பிளாற்றினம், பலேடியம், றோடியம் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். இதைக் கழற்றிவிட்டால் பெற்றோல் மிஞ்சும் என்று சொல்கிறவரை அவதானியுங்கள். கழற்றியதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். "அதை நாங்கள் எடுத்துக்கொள்ளுறம், கூலி வேண்டாம்" என்று சொன்னால் விசயம் விளங்கிவிட்டது. அந்த உலோகங்களுக்காகவே பழைய கன்வேட்டர்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கையில் மிஞ்சப்போவது மீற்றர்ப் பலகையில் எஞ்சின் லைற், பி0420 என்ற கோட், காருக்குள் ஏறும் மணம். வருடாந்த லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனை 2008 இலிருந்து இருக்கிறது. அந்த வாசலிலும் மாட்டுப்படுவீர்கள்.

ஆனால் அடைபட்ட கன்வேட்டர் வேறு கதை. ஒயில் எரிகிற எஞ்சின், பிளக் ஒன்று அடிக்காமலேயே மாதக்கணக்கில் ஓட்டிய எஞ்சின், இவை அந்தத் தேன்கூட்டை அடைத்தோ உருக்கியோவிடும். அப்போது நான் மேலே போட்ட 10 வாற் கணக்கு செல்லாது. தடை பலமடங்காகிவிடும், பெற்றோலும் போகும். யாழ்ப்பாணத்தில் இந்தப் பழுது பிந்தித்தான் தெரியவரும். இங்கே ஏறுவதற்கு மேடில்லை. கீரிமலையில்கூட மலை பெயரில்தான் இருக்கிறது. வருடத்தில் ஒருநாள் குடும்பத்தோடு கண்டிக்குப் புறப்பட்டு, மாத்தளையிலிருந்து ஏறும்போது கார் மூச்சு வாங்கி நிற்கும். அப்போதுதான் அடைப்பு வெளியே வரும்.

சோதனை லேசானது. முதலாவது சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி பூட்டச் சொல்லுங்கள். சும்மா நிற்கும்போது ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குள், 2500 சுற்றில் மூன்றுக்குள் நின்றால் கன்வேட்டரில் குற்றமில்லை. அதைத் தாண்டினால் அடைப்பு. அப்போதும் வெறும் குழாயைப் போடாமல் வேறு கன்வேட்டர் போடுங்கள். அது ஏன் அடைபட்டது என்பதையும் பார்த்துத் திருத்துங்கள். இல்லாவிட்டால் புதியதும் அதே வழிதான்.

படி 5: மாற்றத்தான் போகிறேன் என்றால்

சரி, சத்தம் பிடித்திருக்கிறது, அல்லது பழையது உக்கிவிட்டது. எதை மாற்றலாம்?

பின் சைலன்சரை மட்டும் மாற்றினால் பெற்றோலில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. றெசனேற்றரை வெட்டி எறிந்தாலும் அப்படியே. ஆனால் ஒரு குறிப்பிட்ட சுற்றில், பெரும்பாலும் நீங்கள் ஏ9 இல் பிடித்துக்கொண்டு போகிற அதே சுற்றில், காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் ஒரு இரைச்சல் வரும். குழாய் முழுவதையும் மாற்றுவதென்றால் கம்பனி விட்டத்தையே கேளுங்கள். மனிஃபோல்டைக் கழற்றி அதற்குப் பதிலாக ஹெடர் என்ற நீளக்குழாய்த் தொகுதியைப் போடுவது போட்டிக்கு ஓடுகிறவர்களின் வேலை. மேல்ச் சுற்றில் வலு கொஞ்சம் கூடும், 60 இல் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. சென்சருக்கு முன்னால் புதிதாக நான்கைந்து மூட்டுகள் உண்டாகின்றன, அதாவது நான்கைந்து புதிய ஓட்டைக்கு இடம். வால் குழாயில் செருகுகிற காற்றாடி, பெற்றோல் குழாயில் கட்டுகிற காந்தம் இவற்றைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை.

காசு கணக்கும் பாருங்கள். மாதம் 1000 கிலோமீற்றர், லீற்றருக்கு 14 என்றால் மாதத்துக்கு 71 லீற்றர். சைலன்சர் உண்மையிலேயே நூற்றுக்கு ஒன்று மிச்சம் பிடிக்கிறது என்று வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு எட்டரை லீற்றர். சைலன்சருக்குக் கேட்ட விலையை அந்த எட்டரை லீற்றரின் விலையால் வகுத்துப் பாருங்கள், எத்தனை வருடத்தில் காசு திரும்பும் என்று தெரியும்.

எல்லா வாகனத்துக்கும் ஒரே விதி இல்லை. ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்குச் சென்சர் கவலை இல்லை. அந்தக் கார்கள் தொண்ணூறுகளில் காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவை. குழாயில் ஓட்டை விழுந்தால் தெருவுக்குக் கேட்குமே தவிர, காபரேற்றர் விடுகிற அளவு மாறாது. பழைய ரூ ஸ்ரோக் ஓட்டோக்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் நிலைமை நேர் எதிர். அங்கே சைலன்சரின் வடிவமே எரியாத பெற்றோல் வெளியே ஓடிவிடாமல் திருப்பித் தள்ளுகிறது. அதை மாற்றினால், அல்லது கரி அடைத்தால், பெற்றோல் உண்மையாகவே போகும்.

டீசல் வான்களில் புதியவற்றுக்குக் கரிப்புகையைப் பிடிக்கிற டி.பி.எஃப். என்ற வடி உண்டு. சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் விடும், அதற்குக் கொஞ்ச நேரம் விடாமல் ஓட வேண்டும். பட்டண ஓட்டம் மட்டும் ஓடினால் அது அரைகுறையில் நின்று நின்று டீசலைத் தின்னும். இதற்கு மருந்து வெட்டி எறிவதில்லை, கிளிநொச்சி வரை ஒரு ஓட்டம்தான்.

ஹைபிறிட் வைத்திருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2009 இல் வந்த மூன்றாம் தலைமுறை பிறியஸில் புகையின் சூட்டை எடுத்து எஞ்சின் தண்ணீரைக் கெதியாகச் சூடாக்குகிற ஒரு பகுதி குழாயிலேயே இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு கெதியாகச் சூடாகிறதோ அவ்வளவு கெதியாக அது நின்று பற்றறி வேலையை எடுத்துக்கொள்ளும். அந்தத் துண்டை வெட்டிவிட்டு வெறும் குழாய் போட்டால் எங்கள் வெயிலிலும் கொஞ்சம் நட்டம்தான்.

படி 6: கராஜில் பக்கத்தில் நில்லுங்கள்

பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து போன் பார்க்கிற நேரம் இல்லை இது. வெல்டிங் தொடங்குமுன் பற்றறியின் மைனஸ் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். ஒட்டு வேலை சென்சருக்குக் கிட்ட என்றால் சென்சரையும் கழற்றிப் பத்திரமாக வைக்க வேண்டும். கீழே விழுந்த சென்சரைத் திரும்பப் பூட்ட விடாதீர்கள்.

குழாயை வளைக்கிற விதத்தைப் பாருங்கள். விளக்கால் சூடாக்கி முழங்காலில் வைத்து மடக்கினால் வளைவின் உள்பக்கம் நசுங்கும். வெளியே இரண்டு அங்குலக் குழாய், வளைவில் ஒன்றேகால். அகலமான குழாய் வாங்கியது எதற்கு? வளைவு முழுவதும் ஒரே வட்டமாக வருகிற மாதிரி அச்சில் வளைத்த துண்டுகளை ஒட்டச் சொல்லுங்கள். பழைய கஸ்கெற்றைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். புதியது கேட்டு வாங்குங்கள். தொங்கவிடுகிற ரப்பர்களையும் மாற்றுங்கள். அவை அறுந்தால் குழாயின் பாரம் முழுவதும் ஃபிளெக்ஸ் பைப்பில் ஏறி அது வெடிக்கும்.

காரை எடுக்குமுன் படி 2 இல் சொன்ன துணிச் சோதனையை அங்கேயே செய்துபாருங்கள். சத்தம் எவ்வளவு என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். நல்லூர்த் திருவிழா நேரம் பொலிஸார் மறித்துக் கழற்றச் சொன்ன பிறகு திரும்பி வந்தால் கூலி இன்னொருதரம்.

படி 7: திரும்ப அளந்துபாருங்கள்

பற்றறி கழற்றியதால் ஈ.சி.யு. தான் படித்ததையெல்லாம் மறந்திருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீற்றரைக் கணக்கில் எடுக்கவேண்டாம். பிறகு படி 1 ஐ அதே செட், அதே தெரு, அதே வேகத்தில் மூன்று தாங்கிக்குச் செய்யுங்கள். றிம் இலக்கத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் நூற்றுக்கு மூன்றுக்குள் என்றால் ஒன்றும் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூடக் குடிக்கிறது, றிம்மும் ஏறியிருக்கிறது என்றால் புது மூட்டு எதிலோ ஓட்டை. கூடக் குடிக்கிறது, றிம் அசையவில்லை என்றால் இன்னொரு இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மருதனார்மடத் தம்பியின் விற்ஸில் அதுதான் நடந்தது. ஓட்டை தேடினோம், இல்லை. றிம் சக 2. கன்வேட்டர் அழுத்தமும் சரி. பழைய கணக்கு எதுவும் அவரிடம் இல்லாததால், ஒரு தாங்கி அவர் ஓட்டுவது, ஒரு தாங்கி நான் ஓட்டுவது என்று பேசிக்கொண்டோம். இரண்டும் கிளிநொச்சிக்குப் போய்வந்து, திரும்பவும் போய்வந்த ஓட்டம்தான். என்னுடையது 17.1, அவருடையது 14.8. இரண்டையும் கொப்பியில் எழுதி அவரிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நீங்கள் சரியான மெதுவா ஓடுறியள்" என்றார்.